தழும்பை அளக்கும் ஒளி: யாருக்குத் தேவை, எதற்குத் தேவை?

கல்லீரல் பரிசோதனை அறிக்கை கைக்கு வந்ததும் குடும்பத்தினர் முதலில் தேடுவது ஓர் எண்ணைத்தான். ‘எஃப் 2’ என்றிருந்தால் கல்லீரலில் பாதி போய்விட்டதென்றும், ‘எஃப் 4’ என்றிருந்தால் எல்லாம் முடிந்துவிட்டதென்றும் தாமே பொருள்கொண்டு மனம் உடைந்துபோகிறவர்கள் பலர். ‘எஃப் 1 தானே’ என்று அறிக்கையை மடித்து வைத்துவிட்டு, மறுசோதனைக்கே வராதவர்களும் உண்டு. இரண்டுமே தவறான முடிவுகள். கல்லீரல் தழும்பை ஒளியின் துணையால் மிக நுட்பமாக அளக்கும் கருவிகள் வந்துள்ளன என்ற செய்தியும் இப்போது பரவி வருகிறது. “அந்த ஒளிச் சோதனையை எங்கள் அப்பாவுக்கும் செய்து பார்க்கலாமா?” என்ற கேள்வி இயல்பாகவே எழுகிறது.

ஒளி அளவீடு மெய்யான முன்னேற்றம், வரவேற்கத்தக்கது. ஆயினும் அது எல்லோருக்குமான முதற்சோதனை அன்று. எந்தச் சோதனை எந்தக் கேள்விக்கு விடை தருகிறது என்பதை நோயாளியும் உடனிருப்போரும் அறிந்திருந்தால், வீண் செலவும் வீண் அச்சமும் குறையும். தேவையான சோதனை தள்ளிப்போகாது. இதுவே இக்கட்டுரையின் கருத்து.

எண் சொல்வதும் சொல்லாததும்

கொழுப்புப் படிவு, மது, ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றால் கல்லீரல் ஆண்டுக்கணக்கில் காயமுற்றுக்கொண்டே இருந்தால், அக்காயத்தை ஆற்றும் முயற்சியில் உடல் கொலாஜன் என்னும் புரத இழைகளைப் பின்னுகிறது. தோலில் பட்ட வெட்டுக்காயம் ஆறும்போது தழும்பு உண்டாவதைப் போன்றதே இதுவும். முதலில், கல்லீரலின் சிறு இரத்த நாளங்களைச் சுற்றியுள்ள பகுதிகளில் மட்டும் இழைகள் படர்கின்றன. இது எஃப் 1. அவை நீண்டு சிற்சில பாலங்களாக அமைந்தால் எஃப் 2. பாலங்கள் பெருகினால் எஃப் 3. இழைகள் வலைபோல் சூழ்ந்து கல்லீரலையே முடிச்சு முடிச்சாகப் பிரித்துவிட்டால் எஃப் 4. சிரோசிஸ் என்று மருத்துவர்களும், கல்லீரல் சுருக்கம் என்று மக்களும் கூறும் நிலை அதுதான். தழும்பே இல்லாத நிலை எஃப் 0.

இவ்வெண்கள் நிலைகளின் பெயர்களே தவிர, தழும்பின் அளவுகள் அல்ல. நான்காம் வகுப்பில் படிக்கும் சிறுவன் இரண்டாம் வகுப்புச் சிறுவனைவிட இரண்டு மடங்கு உயரமாக இருப்பதில்லை. அவ்வாறே எஃப் 4இல் உள்ள தழும்பு எஃப் 2இல் உள்ளதைப்போல் இருமடங்கு என்பதும் இல்லை. ஒரே நிலைக்குள்ளேயே தழும்பு குறைவாக உள்ளவரும் மிகுதியாக உள்ளவரும் இருக்கக்கூடும்.

இதனை நம் பகுதி மக்களுக்கு எளிதில் விளக்கலாம். இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் காயத்துக்குக் கட்டும் மருத்துவத் துணி நெய்கிறார்கள். துணியைக் கையில் எடுத்தவுடன் ‘இது நெருக்கமான நெசவு, இது தளர்ந்த நெசவு’ என்று தேர்ந்த கண்கள் சொல்லிவிடும். ஆனால் ஓர் அங்குலத்தில் எத்தனை இழை, இழையின் பருமன் எவ்வளவு என்று சொல்ல வேண்டுமானால் எண்ணித்தான் பார்க்க வேண்டும். திசுவைச் சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்த்து நிலையைக் கூறும் நோய்க்குறியியல் மருத்துவரின் பணி முதல்வகை. ஒளி அளவீடு இரண்டாம் வகை. தேர்ந்த இரு மருத்துவர்கள் ஒரே திசுவைப் பார்த்து, ஒருவர் எஃப் 2 என்றும் மற்றவர் எஃப் 3 என்றும் கூறுவது உலகெங்கும் நிகழ்வதே. அது அவர்களின் குறை அன்று. எண்ண வேண்டியதைக் கண்ணால் மதிப்பிடுவதால் வரும் வேறுபாடு.

வத்திராயிருப்பு அறிந்த ஒளி

ஒளியைப் பொருளின்மீது செலுத்தி, திரும்பி வரும் ஒளியைக் கொண்டு அப்பொருளின் இயல்பை அறியலாம் என்ற எண்ணம் நம் வட்டாரத்துக்கு அயலானதன்று. மகாராஜபுரத்துக்கு அருகிலுள்ள வத்திராயிருப்புப் பகுதியில் 1898ஆம் ஆண்டு டிசம்பர் 4 அன்று பிறந்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளிக்கல்வி பயின்றவர் கே.எஸ். கிருஷ்ணன். கொல்கத்தாவில் சர் சி.வி. இராமனுடன் அவர் இணைந்து நிகழ்த்திய சோதனைகளின் பயனாகவே, 1928ஆம் ஆண்டு பிப்ரவரி 28 அன்று ‘ராமன் விளைவு’ கண்டறியப்பட்டது. பொருளுக்குள் புகுந்து சிதறும் ஒளியில் ஒரு சிறு பகுதி நிறம் மாறி வெளிவருகிறது. அம்மாற்றம் அப்பொருளின் மூலக்கூறுகளை அடையாளம் காட்டுகிறது என்பதே அக்கண்டுபிடிப்பு. அந்நெறியைக் கொண்டு, சாயம் ஏதும் இடாமலேயே திசுவிலுள்ள கொழுப்பைக் காணும் நுண்ணோக்கிகள் இன்று ஆய்வகங்களில் உள்ளன.

கல்லீரல் தழும்பை அளக்கப் பயன்படுவது இதனோடு உறவுடைய வேறொரு நிகழ்வு. கிருஷ்ணன் மறைந்த அதே 1961ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஃபிராங்கன் குழுவினர் லேசர் ஒளியைப் படிகத்தின் ஊடே செலுத்தியபோது, அவ்வொளியின் ஒரு பகுதி இருமடங்கு அதிர்வெண்ணுடன் வெளிவருவதைக் கண்டனர். ‘செகண்ட் ஹார்மோனிக் ஜெனரேஷன்’ என்பது அதன் பெயர். இரண்டு ஒளித்துகள்கள் இணைந்து ஒன்றாகி வெளிவருவதாக இதைக் கருதிக்கொள்ளலாம்.

எல்லாப் பொருள்களும் இவ்வாறு செய்வதில்லை. உட்கட்டமைப்பு குறிப்பிட்ட ஒழுங்கில், ஒருபுறம் சார்ந்து அமைந்தவையே இவ்வாறு ஒளியை இரட்டிக்கின்றன. மூன்று புரிகள் முறுக்கிய கயிறுபோல் அமைந்த கொலாஜன் இழைகள் அத்தகையவை. எனவே 780 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பை ஒட்டிய லேசர் ஒளியைக் கல்லீரல் திசுவின் மெல்லிய சீவலின்மீது செலுத்தினால், தழும்பு இழைகள் மட்டும் 390 நானோமீட்டர் ஊதா ஒளியைத் திருப்பி அனுப்பும். சுற்றியுள்ள கல்லீரல் செல்கள் வேறு நிறத்தில் ஒளிரும். சாயத்தின் அடர்த்தி ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறும் என்ற சிக்கல் இங்கே இல்லை. இவ்வாறு கிடைக்கும் படத்தில் ஒவ்வோர் இழையின் நீளம், பருமன், எண்ணிக்கை, குறுக்கிடும் இடங்கள் ஆகியவற்றைக் கணினி கணக்கிடுகிறது.

தமிழும் ஆட்சிமொழியாக விளங்கும் சிங்கப்பூரில் இத்துறை வேகமாக வளர்ந்தது. அங்குள்ள ஆய்வாளர்கள், ஹெபடைடிஸ் பி நோயாளிகளின் திசுக்களை இம்முறையில் அளந்து, தழும்பின் அளவை ஒரே தொடர் எண்ணாகத் தரும் ‘கியூஃபைப்ரோசிஸ்’ என்னும் முறையை 2014ஆம் ஆண்டு ‘ஜர்னல் ஆஃப் ஹெபடாலஜி’ இதழில் வெளியிட்டனர். அதன்பின் புதிய மருந்துகளைச் சோதிக்கும் ஆய்வுகளிலும் இவ்வளவீடு இடம்பெற்றுள்ளது. அதன் பெரும்பயன் அங்கேதான் தெரிகிறது. மருத்துவரின் கண்ணுக்கு முன்பும் எஃப் 3, பின்பும் எஃப் 3 எனத் தோன்றும் ஒருவரின் திசுவிலும், இழைகள் மெலிந்திருப்பதை ஒளி காட்டிவிடக்கூடும். நிலை மாறுமுன்னரே மாற்றத்தின் தொடக்கம் தெரிவது சிறிய செய்தி அன்று.

ஒளியால் இயலாதவை

இவ்வளவு சிறப்பிருந்தும், இதை எல்லோருக்குமான சோதனை என்று நாம் கூறாததற்கு இரண்டு காரணங்கள் உள்ளன.

முதற்காரணம், இவ்வொளி உடலுக்கு வெளியிலிருந்து கல்லீரலை எட்டாது. தோல், தசை, விலா எலும்பு ஆகியவற்றைக் கடக்குமுன்பே ஒளி சிதறிவிடும். இத்தகைய நுண்ணோக்கிகள் திசுவுக்குள் ஒரு மில்லிமீட்டர் ஆழம்கூடத் தெளிவாகப் பார்ப்பதில்லை. ஆகவே ஊசி வழியாகத் திசு எடுக்கும் பயாப்ஸி செய்தால்தான் ஒளி அளவீடு இயலும். பயாப்ஸியில் வலி உண்டு. அரிதாக இரத்தக்கசிவும் ஏற்படலாம். ஒளி அளவீட்டுக்காக மட்டும் ஒருவருக்கு ஊசி குத்துவதை நாம் ஏற்கவில்லை.

இரண்டாம் காரணம் இன்னும் முக்கியமானது. பயாப்ஸியில் கிடைக்கும் திசு மொத்தக் கல்லீரலில் ஏறத்தாழ 50,000இல் ஒரு பங்குதான். தழும்பு எல்லா இடத்திலும் ஒரே சீராகப் படர்வதில்லை. 2002இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஹெபடைடிஸ் சி உள்ள 124 பேரின் கல்லீரலில் வலம், இடம் ஆகிய இரு மடல்களிலிருந்தும் திசு எடுத்து ஒப்பிட்டனர். அவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு இரு மடல்களின் முடிவுகளும் ஒரு நிலையாவது வேறுபட்டன. ஒளி, கையிலுள்ள துண்டை எவ்வளவு நுட்பமாக எண்ணினாலும், கைக்கு வராத மீதிக் கல்லீரலைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. துணியின் ஒரு மூலையை இழை இழையாக எண்ணிவிட்டு முழுப் பாவும் இப்படித்தான் என்று உறுதிகூற முடியாதல்லவா? நுட்பமான எண் வேறு, முழுமையான விடை வேறு.

நம் ஊருக்கு முதலில் எது?

தாணிப்பாறை மலையடிவாரத்தை ஒட்டிய மகாராஜபுரத்திலிருந்து கல்லீரல் வல்லுநரைக் காணச் செல்பவருக்கு ஒருநாள் கூலி போய்விடுகிறது, உடன்வருபவருக்கும் அப்படியே. எனவே எந்தச் சோதனை முதலில் என்பது அறிவியல் கேள்வி மட்டுமன்று. வீட்டுக் கணக்கும் அதில் அடங்கியுள்ளது.

முதற்படி, எளிய இரத்தப் பரிசோதனை. வயது, ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி. என்னும் இரு நொதிகள், இரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கை ஆகிய நான்கையும் கொண்டு ‘ஃபிப்-4’ என்ற எண்ணைக் கணக்கிடலாம். 1.3க்குக் குறைவாக இருந்தால் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. 65 வயதைக் கடந்தவர்களுக்கு இவ்வெல்லை 2 என்று கொள்ளப்படுகிறது. 2.67க்கு மேல் இருந்தால் வல்லுநரைக் காண வேண்டும். 35 வயதுக்குக் குறைந்தவர்களிடம் இக்கணக்கு அவ்வளவு நம்பகமானதன்று.

அடுத்த படி, மக்கள் ‘ஃபைப்ரோஸ்கேன்’ என்று அறிந்துள்ள மீள்தன்மைச் சோதனை. இது ஒளி அன்று, அதிர்வும் மீயொலியும். வலப்புற விலா எலும்புகளின் இடையே கருவியை வைத்து ஒரு மெல்லிய அதிர்வைச் செலுத்துவார்கள். கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறதோ அவ்வளவு விரைவாக அவ்வதிர்வு பரவும். விடை கிலோபாஸ்கல் அளவில் வரும். கொழுப்புக் கல்லீரல் உள்ளவர்களுக்கு 8க்குக் கீழ் என்றால் முற்றிய தழும்புக்கு வாய்ப்பு குறைவு. 12க்கு மேல் என்றால் கூடுதல் கவனம் தேவை. ஊசியில்லை, சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஊசி எடுக்கும் துண்டைவிடப் பல மடங்கு பெரிய பகுதியை இது அளக்கிறது. ஆனால் உணவருந்திய உடனேயும், மஞ்சள் காமாலையோ கடும் அழற்சியோ இருக்கும் வேளையிலும் எண் பொய்யாக உயரும். ஆகவே குறைந்தது மூன்று மணி நேரம் உண்ணாமலிருந்து செல்ல வேண்டும்.

கொழுப்புக் கல்லீரல் நோயை இந்திய அரசு 2021 பிப்ரவரியில் தொற்றா நோய்த் தடுப்புத் திட்டத்தில் சேர்த்தது. ஹெபடைடிஸ் பி, சி ஆகியவற்றுக்கு இலவசப் பரிசோதனையும் மருந்தும் தரும் தேசியத் திட்டம் 2018 ஜூலை 28 முதல் நடைமுறையில் உள்ளது. விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் இயங்குகிறது. இந்நிலையில் நம் கோரிக்கை தெளிவாக இருக்க வேண்டும். தாலுகா அளவில் ஃபிப்-4 கணக்கும், எட்டும் தொலைவில் மீள்தன்மைச் சோதனையும் எல்லோருக்கும் கிடைக்கட்டும். விலையுயர்ந்த ஒளி நுண்ணோக்கி ஒவ்வோர் ஊருக்கும் வேண்டுவதில்லை. மண்டலத்துக்கு ஒன்று போதும். சாயமிடாத திசுச் சீவலைக் கண்ணாடித் தகட்டில் வைத்து அனுப்பினால், படமும் கணக்கும் திரும்பி வந்துவிடும். நோயாளி அலைய வேண்டாம், கண்ணாடித் தகடு பயணம் செய்யட்டும் என்பதே நம் கருத்து.

ஒளி அளவீட்டை எப்போது கேட்கலாம்?

வேறு காரணத்துக்காக மருத்துவர் ஏற்கெனவே பயாப்ஸி செய்திருந்து, எஃப் 2ஆ எஃப் 3ஆ, எஃப் 3ஆ எஃப் 4ஆ என்ற ஐயம் நீடித்தால் இவ்வளவீடு பயன் தரலாம். இரத்தச் சோதனை ஒன்றையும் ஃபைப்ரோஸ்கேன் மற்றொன்றையும் சொல்லி, அதனால் பயாப்ஸி வரை செல்ல நேர்ந்தவர்களுக்கும் அவ்வாறே. புதிய மருந்தின் ஆய்வில் சேர்பவர்களுக்கு அது ஆய்வின் ஒரு பகுதியாகவே அமையலாம்.

எஃப் 3க்கும் எஃப் 4க்கும் இடையிலுள்ள வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அன்று. சிரோசிஸ் உறுதியானால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மீயொலி ஸ்கேன் செய்து கல்லீரல் புற்றுநோய்க்கான அறிகுறியைத் தேட வேண்டும். உணவுக்குழாயில் புடைத்த இரத்த நாளங்கள் உள்ளனவா என்றும் பார்க்க வேண்டியிருக்கும். சிரோசிஸ் இருந்தும் ‘இல்லை’ என்று விடப்பட்டவர் அப்பாதுகாப்பை இழக்கிறார். இல்லாதபோது ‘உண்டு’ என்று சொல்லப்பட்டவரோ தேவையற்ற அச்சத்தைச் சுமக்கிறார்.

“எப்படி அளந்தாலும் மருத்துவம் ஒன்றுதானே, பிறகு எதற்கு இவ்வளவு நுட்பம்?” என்று கேட்பவர்களும் உண்டு. பெரும்பாலான நோயாளிகளைப் பொறுத்தவரை அவர்கள் கேட்பது சரியே. காரணத்தை நீக்குவதே மருத்துவம்; அதற்கு இழைகளை எண்ண வேண்டியதில்லை. கொழுப்புக் கல்லீரல் அழற்சியில் எஃப் 2, எஃப் 3 நிலைகளுக்காக ரெஸ்மெடிரோம் என்ற மருந்தை 2024 மார்ச்சில் அமெரிக்கா ஏற்றபோதுகூட, அதைத் தொடங்கப் பயாப்ஸி கட்டாயம் என்று விதிக்கவில்லை. ஆனால் அத்தகைய மருந்துகள் உருவாவதற்கு, தழும்பு மெய்யாகவே குறைகிறதா என்று யாரோ எங்கோ எண்ணிப் பார்த்தாக வேண்டும். அங்கே செய்யும் எண்ணிக்கையின் பயன் நாளை நம் வீட்டுக்கும் வரும்.

தழும்பு கரையக்கூடியது

அளவீட்டைப் பற்றி இவ்வளவு பேசுவதற்கு அடிப்படைக் காரணம், கல்லீரல் தழும்பு மாறக்கூடியது என்பதே. 2013இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்த ஆய்வில், ஹெபடைடிஸ் பி நோயால் சிரோசிஸ் அடைந்திருந்த 96 பேர் ஐந்தாண்டுகள் டெனோஃபோவிர் மருந்தைத் தொடர்ந்து உட்கொண்டபின், அவர்களில் 71 பேருக்குத் திசுவில் சிரோசிஸ் நிலை காணப்படவில்லை. கொழுப்புக் கல்லீரல் அழற்சி உள்ளவர்களைப் பற்றிய 2015ஆம் ஆண்டு ஆய்வில், ஓராண்டில் உடல் எடையில் 10 சதவீதமோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் 45 சதவீதத்தினருக்குத் தழும்பு குறைந்தது. 80 கிலோ எடையுள்ளவருக்கு அது 8 கிலோ. மதுவை முற்றிலும் நிறுத்தியவர்களின் கல்லீரலும் மெல்ல மீள்கிறது. முற்றிய சிரோசிஸ் எல்லோருக்கும் மீளும் என்று வாக்களிக்க முடியாது. ஆனால் எந்த நிலையிலும் காரணத்தை நீக்குவதால் நன்மை உண்டு.

கல்லீரல் நோய் என்றாலே மது என்று எண்ணி, மதுவைத் தொட்டறியாத தாய்மார்களும் வெட்கத்தால் நோயை மறைக்கும் நிலை மாற வேண்டும். நீரிழிவு, உடற்பருமன், வைரஸ் ஆகியவையும் இந்நோய்க்குக் காரணங்களே. சதுரகிரி மூலிகை என்று சொல்லி, பெயரும் அளவும் தெரியாத பொடிகளையும் கசாயங்களையும் விற்பவர்களை நம்பி, நடந்துகொண்டிருக்கும் மருத்துவத்தை நிறுத்திவிட வேண்டாம். அறியாத கலவை புண்பட்ட கல்லீரலை மேலும் புண்படுத்தக்கூடும். சித்த மருந்து உட்கொள்பவர்கள் பதிவுபெற்ற மருத்துவரிடமே பெற்று, அதை இங்குள்ள மருத்துவரிடமும் மறைக்காமல் கூறுங்கள்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

அடுத்தமுறை வரும்போது இக்கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள்.

1. என் கல்லீரல் தழும்புக்குக் காரணம் எது? அதை நீக்க முடியுமா?
2. இந்த எண் இரத்தச் சோதனையிலிருந்து வந்ததா, ஃபைப்ரோஸ்கேனிலிருந்து வந்ததா, திசுவிலிருந்து வந்ததா?
3. சென்ற முறையைவிட இது ஏறியுள்ளதா, இறங்கியுள்ளதா? இரண்டும் ஒரே வகைக் கருவியில், உண்ணாத நிலையில் எடுக்கப்பட்டவையா?
4. நீங்கள் சொல்லும் அடுத்த சோதனையின் முடிவால் என் மருத்துவம் மாறுமா?
5. மீண்டும் எப்போது அளக்க வேண்டும்?

இவற்றுள் நான்காம் கேள்வியே தலையாயது. விடை ‘மாறும்’ என்றால், அச்சோதனையைத் தயங்காமல் செய்துகொள்ளுங்கள். அது ஒளி அளவீடாக இருந்தாலும் சரி. விடை ‘மாறாது’ என்றால், அதற்குச் செலவாகும் பணத்தையும் நாளையும் மருந்துக்கும் நல்லுணவுக்கும் நடைப்பயிற்சிக்கும் செலவிடுங்கள். அறிக்கைகள் அனைத்தையும் தேதி வரிசைப்படி ஒரே கோப்பில் வைத்திருங்கள். ஒருநாள் அறிக்கையிலுள்ள ஓர் எண்ணைவிட, ஆண்டுகள் கடந்து அவ்வெண் செல்லும் திசையே உங்கள் கல்லீரலின் நிலையை நன்கு உணர்த்தும்.